அடுத்த தெருவில் பிறந்த குடியரசு

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மலைச்சரிவுகளைச் சுற்றிச் சுற்றி வரும் சாலையின் கடைக்கோடியில் இருக்கிறது பூண்டி. அதற்கப்பால் கிளாவரை, அதற்கும் அப்பால் காடு. படிப்படியாய் வெட்டிய இவ்வூர் நிலங்களில் வெள்ளைப்பூண்டு விளைகிறது. அறுத்த பூண்டைக் கட்டுக்கட்டாய்த் தொங்கவிட்டுப் புகையூட்டிக் காப்பது இம்மலையின் பழைய வழக்கம். 2019-இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோதும் ஊரார் கேட்ட முதற்கேள்வி, "அப்ப சீனாப் பூண்டு வராம நின்னுருமா?" என்பதுதான். 2014-லேயே அதன் இறக்குமதியை இந்திய அரசு தடை செய்துவிட்டது. ஆயினும் அது வேறு வழிகளில் வந்து விலையைக் குலைக்கிறது என்ற பேச்சு ஓயவில்லை. ஆக, எங்கள் ஊரில் சீனா என்றால் பூண்டு.

நாம் பாடம் நடத்தும் கல்லூரி கீழே சமவெளியில் இருக்கிறது. விடுமுறைக்கு மேலே வந்திருந்த ஒரு நாள், தேநீர்க்கடையில் நாளிதழை மடித்து வைத்துவிட்டு ஊர்ப்பெரியவர் ஒருவர் கேட்டார்: "ஏன் தம்பி, ஒரு பக்கம் சீனக் குடியரசுங்கறான், இன்னொரு பக்கம் மக்கள் சீனக் குடியரசுங்கறான். ரெண்டும் ஒண்ணா, வேறவேறயா?" "ஒண்ணுதான் பெரியப்பா, ஆனா ரெண்டு" என்று மழுப்பிவிட்டு எழுந்து வந்தோம். அந்த மழுப்பலுக்குப் பிராயச்சித்தமாகவே இதை எழுதத் தொடங்கினோம். எழுதப் புகுந்தபின், கதை பெய்ஜிங்கிலிருந்து தொடங்க மறுத்தது. நம்மவர் கடை வைத்திருந்த ஒரு தெருவுக்கு அருகிலிருந்து அது தொடங்கியது.

முதலில் சொல்லைப் பார்த்துவிடுவோம். தமிழாசிரியனுக்கு அதைவிட்டால் வேறு வழியில்லை. 1912-இல் பிறந்த நாட்டுக்குச் சீன மொழியில் வைத்த பெயர் 'சுங்ஹுவா மின்குவோ'. 'மின்' என்றால் மக்கள், 'குவோ' என்றால் நாடு. நம் 'குடியரசு' என்ற சொல்லுக்கு வெகு அருகில் நிற்கும் ஆக்கம் இது. 1949-இல் மா சே துங் அறிவித்த நாட்டின் பெயரில் வருவதோ 'கொங்ஹேகுவோ'. இதன் கதை விசித்திரமானது. கி.மு. 841-இல் கொடுங்கோலனான சௌ மன்னன் ஒருவனை மக்கள் விரட்டிவிட, பதினான்கு ஆண்டுகள் மன்னனின்றி ஆட்சி நடந்தது. அந்தக் காலப்பகுதிக்குச் சீன வரலாற்றில் 'கொங்ஹே' என்று பெயர். மேலைநாட்டுக் குடியரசுக் கருத்தைப் பெயர்க்கச் சொல் தேடிய ஜப்பானிய அறிஞர்கள் இந்தப் பழஞ்சொல்லை எடுத்துக்கொண்டனர். அது பின்னர் சீனாவுக்கே திரும்பி வந்தது. பெரியவர் நாளிதழில் கண்ட இரண்டு பெயர்களும் சீனத்தில் இப்படி இரு வேறு சொற்கள். தமிழ்தான் இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்து அவரைக் குழப்பிவிட்டது.

இனிப் பினாங்கு.

ஜார்ஜ் டவுனின் சூலியா தெரு தமிழருக்குப் புதிதன்று. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம் வணிகரைக் குறித்த பெயரே 'சூலியா'. அத்தெருவில் ஒரு நாகூர் தர்கா உண்டு. சற்றுத் தள்ளிக் காதர் மொகைதீன் கட்டுவித்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல். பக்கத்தில் பினாங்கு வீதியில் செட்டியார் கிட்டங்கிகள். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'யைப் படித்தவர்களுக்கு இந்த வட்டாரம் சொந்த ஊரின் கடைவீதிபோல் நெருக்கமானது. பள்ளிவாசலிலிருந்து சில நிமிடம் நடந்தால் ஆர்மீனியன் தெரு. அதன் 120-ஆம் எண் வீடு, நீண்டு குறுகிய சீனக் கடைவீடு. மஞ்சு அரச மரபை வீழ்த்தச் சன் யாட் சென் தலைமையில் 1905-இல் டோக்கியோவில் உருவான 'தொங்மெங்ஹுய்' இயக்கத்தின் தென்கடல் தலைமையகம், 1910-இல் சிங்கப்பூரிலிருந்து இந்த வீட்டுக்குத்தான் மாறியது.

மாறக் காரணம் தோல்வி. அதுவரை நடந்த எழுச்சிகள் யாவும் முறியடிக்கப்பட்டிருந்தன. பணம் கொடுத்தவர்கள் சலித்துப் போயிருந்தனர். தலைவர் பணம் தண்டவே வருகிறார் என்று முணுமுணுப்பும் இருந்தது. 1910 நவம்பர் 13 அன்று பினாங்கில் கூடிய கூட்டத்தில் ஹுவாங் சிங், ஹு ஹான்மின் முதலியோர் கலந்துகொண்டனர். குவாங்சௌ நகரில் மீண்டும் ஒரு முறை, இம்முறை முழு வலிமையோடு, எழுவதென்று முடிவாயிற்று. ஆர்மீனியன் தெரு வீட்டில் நடந்த அவசரக் கூட்டத்தில் சன் பேசியவுடன் 8,000 ஸ்ட்ரெய்ட்ஸ் டாலர் சேர்ந்ததாகச் சொல்வர். உள்ளூர்த் தலைவரான கோ சே எங் என்ற வணிகர் தம் சொத்தில் பெரும்பங்கைப் புரட்சிக்கே செலவிட்டவர். அதே ஆண்டு டிசம்பரில் 'குவாங் வா' நாளிதழ் அங்கே தொடங்கப்பட்டது. அதே மாதம் பிரிட்டிஷ் அரசு சன்னை ஊரைவிட்டு வெளியேற்றியது.

அதே 1910-ஐ நம் பக்கத்திலிருந்து பார்ப்போம். மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை முடிவுக்கு வந்த ஆண்டு அது. முறை மாறியதே தவிரப் பயணம் நிற்கவில்லை. ஒப்பந்தத்தின் இடத்தில் கங்காணி வந்தார். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் பினாங்கருகே ஜெரஜாக் தீவில் நோய்த்தடைக்காகத் தங்கவைக்கப்பட்டுப் பின் ரப்பர் தோட்டங்களுக்குப் பிரிந்தனர். ஒரே துறைமுகத்தில் ஒரு சமூகம் நாடொன்றைச் செய்துகொண்டிருந்தபோது மற்றொரு சமூகம் பேரேட்டில் பெயராகப் பதிந்துகொண்டிருந்தது. இதை ஒப்பிட்டு நம்மைத் தாழ்த்திக்கொள்வது நம் நோக்கமன்று. சீனரிலும் பெரும்பாலோர் சுரங்கக் கூலிகளே. ஆனால் அவர்களுள் எழுந்த வணிகர் வகுப்பு, ஊர்ப்பாசத்தைச் சங்கமாகவும் சங்கத்தைக் கட்சியாகவும் மாற்றக் கற்றிருந்தது. நம்மவரின் ஊர்ப்பாசம் அன்று பெரும்பாலும் கோயிலோடும் கொடையோடும் நின்றது.

பினாங்கில் திட்டமிட்ட எழுச்சி 1911 ஏப்ரல் 27 அன்று குவாங்சௌவில் நடந்து, தோற்றது. மஞ்சள் மலர்க் குன்றில் புதைக்கப்பட்ட எழுபத்திரண்டு பேரில் கணிசமானோர் கடல்கடந்து வாழ்ந்த சீனர்கள். அடுத்த ஆறு மாதத்தில் வென்ற எழுச்சியோ யாரும் திட்டமிட்டபடி நடந்ததன்று. அக்டோபர் 9 அன்று ஹான்கௌவில் புரட்சியாளர் செய்துகொண்டிருந்த குண்டு தற்செயலாக வெடித்தது, போலீசார் வந்தனர், பெயர்ப்பட்டியல் சிக்கியது. பிடிபட்டால் தலை போகும் என்ற நிலையில், மறுநாள் இரவு எதிர்க்கரை வூசாங்கின் படைவீரர்கள் துப்பாக்கி தூக்கினர். தலைமை தாங்க ஆளில்லாமல் லி யுவான்ஹோங் என்ற அதிகாரியை இழுத்துவந்து துப்பாக்கி முனையில் தலைவராக்கினர். சன் யாட் சென் அப்போது அமெரிக்காவின் டென்வர் நகரில் இருந்தார். தம் வாழ்நாள் இலட்சியம் நிறைவேறத் தொடங்கிய செய்தியை நாளிதழில்தான் படித்தார்.

1912 ஜனவரி 1 அன்று நாஞ்சிங்கில் சன் தற்காலிகத் தலைவராகப் பதவியேற்றார். பிப்ரவரி 12 அன்று ஆறு வயதுச் சிறுவன் பூயியின் பெயரால் முடிதுறப்பு வெளியானது. ஈராயிரம் ஆண்டுப் பேரரசு முடிந்தது. ஆனால் முடித்துவைத்தது யார்? வடக்கின் நவீனப் படை முழுவதையும் கையில் வைத்திருந்த யுவான் ஷிகாய். அரசகுலத்தை இறங்கச் செய்வதற்கு அவர் கேட்ட விலை தலைவர் பதவி. படையில்லாத சன், பதவியை மார்ச்சில் அவரிடம் ஒப்படைத்தார். நாணயம் பினாங்கிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் போயிற்று. நாடு துப்பாக்கி வைத்திருந்தவர் கைக்குப் போயிற்று.

இருந்தும் அந்தக் குடியரசுக்கு ஒரு நல்ல பருவம் இருந்தது. அதைப் பலர் மறந்துவிடுகிறோம். 1912 இறுதியிலும் 1913 தொடக்கத்திலும் தேர்தல் நடந்தது. ஏறத்தாழ 4 கோடிப் பேர் வாக்குரிமை பெற்றனர். ஆண்கள் மட்டும், அவர்களிலும் சொத்தோ கல்வியோ உடையவர் மட்டும். எனினும் அன்றைய ஆசியாவில் அது சிறிய செய்தியன்று. புதிதாக அமைந்த கோமிந்தாங் கட்சி அதிக இடங்களை வென்றது. அந்த வெற்றியைக் கட்டியெழுப்பியவர் சோங் ஜியாவ்ரென் என்ற முப்பது வயது இளைஞர். தலைவரின் அதிகாரத்தை நாடாளுமன்றமும் அமைச்சரவையும் கட்டுப்படுத்த வேண்டும் என்று மேடைதோறும் பேசியவர் அவர். 1913 மார்ச் 20 அன்று பெய்ஜிங் செல்ல ஷாங்காய் ரயில் நிலையத்தில் நின்றபோது சுடப்பட்டு, இரண்டு நாள் கழித்து இறந்தார். விசாரணை யுவானின் அமைச்சரவையை நோக்கி நீண்டது, தொடர்புடையோர் ஒவ்வொருவராக மடிந்தனர், வழக்கும் மடிந்தது. எம்மைக் கேட்டால், சீனக் குடியரசின் வரலாற்றில் வூசாங்கைவிட முக்கியமான இடம் இந்த ரயில் நிலையம். வாக்குச்சீட்டால் வென்றவன் அங்கே வீழ்ந்தபிறகு, கட்சிகள் யாவும் படை தேடிப் புறப்பட்டன. சன் யாட் சென்னும் அதற்கு விலக்கல்லர்.

1914-இல் நாடாளுமன்றம் கலைந்தது. 1915 டிசம்பரில் யுவான் தம்மைப் பேரரசராக அறிவித்துக்கொண்டார். யுன்னானில் கிளர்ச்சி எழுந்தது, தம் தளபதிகளே கைவிட, 1916 மார்ச்சில் முடியைக் கீழே வைத்தார், ஜூனில் இறந்தார். மறு ஆண்டு ஜூலையில் சடை வெட்டாத ஒரு தளபதி பூயியை மீண்டும் அரியணையில் அமர்த்தினார். அந்தக் கூத்து பன்னிரண்டு நாள் நீடித்தது. பின்னர் பத்தாண்டுக் காலம் மாகாணத்துக்கொரு படைத்தலைவர். 1923-இல் ட்சாவ் குன் என்ற படைத்தலைவர் உறுப்பினர்களுக்குப் பணம் கொடுத்தே நாட்டின் தலைவரானார். வாக்குக்குப் பணம் என்பது நமக்கு அறிமுகமான கலைதான். அவர் அதை வாக்காளர்வரை கொண்டுபோகாமல் சிக்கனமாக முடித்தார்.

1919 மே 4 ஒன்றைமட்டும் கடந்துபோக முடியவில்லை. முதல் உலகப்போரில் நேச நாடுகளின் பக்கம் நின்ற சீனாவுக்கு, வர்சேய் மாநாடு தந்த பரிசு அவமானம். ஜெர்மனி ஷான்துங் மாகாணத்தில் வைத்திருந்த உரிமைகள் ஜப்பானுக்குப் போயின. பெய்ஜிங் மாணவர்கள் வீதிக்கு வந்தனர். செம்மொழி நடையை விட்டுப் பேச்சுமொழியில் எழுதும் இலக்கிய இயக்கமும், இரண்டாண்டுக்குப்பின் பிறந்த கம்யூனிஸ்ட் கட்சியும் அந்த நாளோடு உறவுடையவை. (எங்கள் தேநீர்க்கடைக்கு ஒரு செய்தி: சீனாவில் பூண்டுக்குப் பேர்போன ஜின்சியாங் இதே ஷான்துங்கில்தான் இருக்கிறது.)

1925 மார்ச் 12 அன்று சன் பெய்ஜிங்கில் காலமானார். அவ்வாண்டு மே மாதம் ஈரோட்டில் பெரியாரின் 'குடி அரசு' வெளிவரத் தொடங்கியது தற்செயல்தான். ஆயினும் அச்சொல் இரு மண்ணிலும் எத்தகைய ஆசைகளைச் சுமந்தது என்று எண்ணாமலிருக்க முடியவில்லை. சன்னின் இறுதி விருப்பத்தை எழுதிக் கொடுத்தவர் வாங் ஜிங்வெய். அவரைப் பின்தொடர்ந்தால் கதை மீண்டும் பினாங்குக்கு வந்து சேரும்.

வாங்கின் மனைவி சென் பிஜுன் பினாங்கில் 1891-இல் பிறந்தவர்; செல்வ வணிகரின் மகள். இளம்பெண்ணாக இயக்கத்தில் சேர்ந்தார். 1910-இல் பெய்ஜிங்கில் இளவரசப் பதிலாளியைக் கொல்ல முயன்ற வாங் சிறைப்பட்டபோது, அவரை விடுவிக்கப் பாடுபட்டார், புரட்சிக்குப்பின் மணந்துகொண்டார். பினாங்கு புரட்சிக்குக் கொடுத்த பணத்தை எல்லோரும் சொல்கிறார்கள். கொடுத்த இந்த மகளைப்பற்றிப் பேசுவோர் குறைவு. காரணம் பின்னால் வருகிறது.

சன்னுக்குப்பின் படை சியாங் கை ஷேக்கிடம் இருந்தது. 1926-இல் வடக்கு நோக்கிப் படையெடுத்தார். 1927 ஏப்ரலில் ஷாங்காயில் கூட்டாளிகளான கம்யூனிஸ்டுகளை வெட்டி வீழ்த்தினார். 1928-இல் நாஞ்சிங்கைத் தலைநகராக்கி நாட்டைப் பெயரளவில் ஒன்றாக்கினார். 1931-இல் மஞ்சூரியா ஜப்பானிடம் போனது. 1937 ஜூலையில் முழுப்போர் மூண்டது. டிசம்பரில் நாஞ்சிங் வீழ்ந்து, நரகமாயிற்று. அரசு மேற்கே சோங்சிங்குக்கு ஓடியது. தென்கடல் சீனர் மீண்டும் மடியை அவிழ்த்தனர். சிங்கப்பூரின் டான் கா கீ தலைமையில் 1938-இல் நிதிக்குழு அமைந்தது. 1939-இல் மூவாயிரத்துக்கு மேற்பட்ட லாரி ஓட்டுநரும் பழுதுபார்ப்போரும் மலாயாவிலிருந்து பர்மாச் சாலைக்குச் சென்றனர். அவர்களில் பலர் திரும்பவில்லை.

வாங் ஜிங்வெய் 1938 டிசம்பரில் சியாங்கைப் பிரிந்தார். 1940 மார்ச்சில், ஜப்பானின் நிழலில் நாஞ்சிங்கில் ஓர் அரசு அமைத்தார். அதற்கும் பெயர் சீனக் குடியரசு. அதே கொடி, மேலே ஒரு மஞ்சள் துணி மட்டும் கூடுதல். சுவரில் அதே சன் யாட் சென் படம். ஒரே சமயத்தில் இரண்டு சீனக் குடியரசுகள், ஒன்று ஜப்பானோடு போரிட்டுக்கொண்டும், மற்றொன்று ஜப்பானோடு கைகோத்துக்கொண்டும். எங்கள் பெரியவரின் கேள்வி 1940-லேயே கேட்கப்பட வேண்டியது.

1941 டிசம்பரில் போர் பினாங்குக்கு வந்தது. குண்டுவீச்சுக்குப்பின் ஆங்கிலேயர் தம் மக்களை மட்டும் இரவோடிரவாகக் கப்பலேற்றிக்கொண்டு போய்விட்டனர். சீனரும் தமிழரும் மலாய்க்காரரும் எரியும் நகரில் விடப்பட்டனர். கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கி வெள்ளைக்கொடி ஏற்றியவர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' ஆசிரியரும் இலங்கைத் தமிழருமான மாணிக்கசோதி சரவணமுத்து. டிசம்பர் 19 அன்று ஜப்பானியர் நுழையும்வரை, எல்லா இனத்தாரும் சேர்ந்த ஒரு குழு அவர் தலைமையில் நகரைக் காத்தது. யாரும் அதற்குக் குடியரசு என்று பெயர் வைக்கவில்லை.

அதன்பின் இரு சமூகங்களின் பாதையும் பிரிந்தது. நிதி கொடுத்த சீனரை ஜப்பானியர் மறக்கவில்லை. 1942-இல் சிங்கப்பூரிலும் மலாயாவிலும் சீன ஆண்களை வரிசையில் நிறுத்திப் பொறுக்கியெடுத்துக் கொன்றனர். எண்ணிக்கை இன்றும் சர்ச்சைக்குரியது. ஆயிரக்கணக்கில் என்பதில் மட்டும் ஐயமில்லை. தமிழருக்கோ அதே ஜப்பானியர் விடுதலையின் துணைவராக வந்தனர். 1943 அக்டோபர் 21 அன்று சிங்கப்பூர் கேத்தே அரங்கில் நேதாஜி சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார். தோட்டத்துப் பெண்கள் தாலியைக் கழற்றிக் கொடுத்தனர் என்பதை நம் வீட்டுப் பெரியவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறோம். சென்னையைச் சேர்ந்த டாக்டர் லட்சுமியின் தலைமையில் அமைந்த ஜான்சி ராணிப் படையில் பால்வெட்டும் தமிழ்ப் பெண்கள் பலர் சேர்ந்தனர். 1910-இல் பினாங்குச் சீனர் செய்ததை, முப்பத்து மூன்று ஆண்டு கழித்துத் தமிழர் செய்தனர். நாடற்றவர் நாட்டை விலைகொடுத்து வாங்கும் அதே முயற்சி. ஆனால் சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டுக் காட்டில் மடிந்த பல்லாயிரவரிலும் தமிழரே மிகுதி என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். விடுதலையின் துணைவர் அவர்களுக்குக் கங்காணியைவிடக் கொடியவராய் இருந்தார்.

நேதாஜியின் அரசை ஏற்ற அரசுகள் ஒன்பது. அவற்றுள் ஒன்று வாங் ஜிங்வெய்யின் நாஞ்சிங் அரசு. 1943 நவம்பரில் டோக்கியோவில் கூடிய மாநாட்டில் வாங் உறுப்பினராகவும் நேதாஜி பார்வையாளராகவும் ஒரே அவையில் இருந்தனர். சூலியா தெருத் தமிழர் காசு கொடுத்த அரசை, பக்கத்துத் தெருச் சீனரின் மருமகன் அங்கீகரித்தார். அந்தச் சீனரோ அவரைத் துரோகி என்று காறி உமிழ்ந்தனர். இன்னொரு சீனக் குடியரசின் தலைவரான சியாங், 1942 பிப்ரவரியில் கல்கத்தாவில் காந்தியைச் சந்தித்து, ஜப்பானுக்கெதிரான போரில் துணை நிற்குமாறு கேட்டிருந்தார். அவருடைய படைகள் பீகாரின் ராம்கரில் பயிற்சி பெற்றுப் பர்மாவுக்குள் நுழைந்தன. 1944-இல் பர்மா எல்லையில் மலாயாத் தமிழனும் சீனக் குடியரசின் படைவீரனும் எதிரெதிர் அணிகளில் இருந்தனர். யார் பக்கம் நியாயம் என்று ஒரு சொல்லில் தீர்ப்புச் சொல்பவர்களைக் கண்டால் நமக்கு அச்சமாக இருக்கிறது.

வாங் 1944 நவம்பரில் நகோயாவில் இறந்தார். சென் பிஜுன் போருக்குப்பின் கைதாகி, துரோகக் குற்றத்துக்காக ஆயுள்தண்டனை பெற்றார். தண்டித்தது சியாங்கின் குடியரசு. 1949-க்குப்பின் சிறையைத் தொடர்ந்து பூட்டியது மாவின் குடியரசு. 1959-இல் ஷாங்காய்ச் சிறையிலேயே அந்தப் பினாங்குப் பெண் இறந்தார். குடியரசுகள் மூன்றும் தமக்குள் உடன்படவில்லை. அவர் விஷயத்தில் இரண்டு உடன்பட்டன.

எஞ்சியதை வாசகர் அறிவர். உள்நாட்டுப் போரில் தோற்ற சியாங் 1949 டிசம்பரில் தைவானுக்குப் போனார். அதே மாதம் 30 அன்று இந்தியா பெய்ஜிங் அரசை ஏற்றது, சர்தார் கே.எம். பணிக்கர் அடுத்தடுத்து இரு சீனங்களிலும் நம் தூதராக இருந்தார். 1971-இல் ஐ.நா. இடமும் தைபேயின் கையைவிட்டுப் போனது. தைவானில் 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டம். அதற்கு முன்பே, 1947 பிப்ரவரி 28-இல் தொடங்கிய கிளர்ச்சியை அடக்கியதில் ஆயிரக்கணக்கில் தீவுமக்கள் மாண்டிருந்தனர். பின்னர் மெல்லத் திறந்தது. 1996-இல் சீனக் குடியரசின் தலைவரை மக்கள் முதன்முறையாக நேரே தேர்ந்தெடுத்தனர். அக்குடியரசு தன் ஆண்டுகளை 1912-இலிருந்தே எண்ணுகிறது. அக்கணக்கில் அது 85-ஆம் ஆண்டு. சோங் ஜியாவ்ரென் ரயில் நிலையத்தில் வீழ்ந்து எண்பத்து மூன்று ஆண்டுகள். வாக்களித்த அந்தத் தீவோ, 1912-இல் குடியரசு பிறந்தபோது அதன் எல்லைக்குள்ளேயே இல்லை. 1895 முதல் ஜப்பானின் உடைமையாய் இருந்தது.

இவ்வளவையும் சுருக்கி, அடுத்த முறை மேலே வந்தபோது பெரியவரிடம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். சீனாவைப்பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பினாங்குன்னா சொன்ன? எங்க சின்னத்தாத்தா ஒருத்தர் அங்கதான் போனாரு தம்பி. ஒரே ஒரு காயிதம் வந்துச்சாம். சண்டைக்கு அப்புறம் ஒண்ணுமில்ல" என்றார். பிறகு சற்று நேரம் கழித்து, "ரயில் ரோட்டுக்குப் போனாரோ, போஸ் பட்டாளத்துக்குப் போனாரோ" என்று சொல்லிவிட்டுத் தேநீருக்குக் காசு கொடுத்தார்.